பூஞ்சையின் வித்தும் நஞ்சும்: மரபணு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இழைப் பூஞ்சையில் வித்து (ஸ்போர்) எப்படி உருவாகிறது, நிறமியும் நஞ்சும் மருந்தும் அதோடு எப்படிச் சுரக்கின்றன என்று படிக்கத் தொடங்குபவருக்கு முதலில் கிடைப்பது ஓர் ஏணிப் படம். மேல்படியில் ஒரு மரபணு, அது அடுத்ததைத் தூண்டும், அது அதற்கடுத்ததை. கடைசிப் படியில் வித்து. படத்தில் தவறில்லை. அந்தப் படத்தை மட்டும் நம்பிக்கொண்டு பெட்ரி தட்டைப் பார்க்கும்போதுதான் வம்பு வருகிறது. இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் பிறப்பவை: தட்டில் கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தை, நீக்கிய மரபணுவின் நேரடி வேலை என்று அவசரமாக எழுதிவிடுவது. எடுத்துக்காட்டுகள் அதிகமும் ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ் பற்றியே இருக்கும். இந்தத் துறையின் அடிப்படைகள் பலவும் அந்தப் பூஞ்சையில்தான் கண்டறியப்பட்டன.

வெள்ளையாகத் தெரிந்தால் வித்து இல்லை என்று எழுதுவது

இயல்பு வகை நிடுலன்ஸ் தட்டில் பச்சையாக இருக்கும். ஒரு மரபணுவை நீக்கியதும் பச்சை போய்விட்டால், வித்து உண்டாக்கும் மரபணு கிடைத்துவிட்டது என்று தோன்றுவது இயற்கை. ஆனால் டபிள்யூ-ஏ மரபணு போனாலும் தட்டு வெள்ளையாகும். ஒய்-ஏ போனால் மஞ்சளாகும். இரண்டிலும் வித்துகளுக்குக் குறைவே இருக்காது. டபிள்யூ-ஏ, நிறமியின் அடிப்படை மூலக்கூறைக் கட்டும் பாலிகீடைடு சிந்தேஸ் நொதிக்கான மரபணு. அந்த மஞ்சள் மூலக்கூறைப் பச்சையாக்கும் லாக்கேஸ் நொதிக்கானது ஒய்-ஏ. வித்து உருவாவதில் இரண்டுக்கும் பங்கு கிடையாது.

வித்து நிஜமாகவே வராத தட்டுகளும் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. நுண்ணோக்கியில் வைத்தால் ஒவ்வொன்றும் வேறு கதை சொல்லும். ஃப்ளூ-ஜி போன்ற மேல்படி மரபணு கெட்டால் வித்தைத் தாங்கும் தண்டான கொனிடியம் தாங்கியே எழாது. பஞ்சுபோல் வான்வழி இழைகள் மட்டும் மண்டும். பிஆர்எல்-ஏ கெட்டால் தண்டு எழும், ஆனால் நிற்கத் தெரியாமல் இயல்பைவிட 20, 30 மடங்கு நீளத்துக்கு முள்முள்ளாக வளர்ந்துகொண்டே போகும். அபா-ஏ கெட்டால் நுனி செல்கள் வரை ஒழுங்காக உருவாகி, வித்து வரவேண்டிய இடத்தில் மணி மணியாக முடிச்சு விழுந்த செல்கள் வரும். வெட்-ஏ கெட்டால் வித்தே வந்துவிடும். சுவர் முதிராததால் சில நாளில் தானாகக் கரைந்து நீர்த்துளியாகிவிடும். இந்த வெட்-ஏ விஷயம்தான் கணக்கைக் கெடுப்பது. இரண்டாம் நாள் எண்ணியவர் ‘வித்து உண்டு’ என்பார், ஐந்தாம் நாள் எண்ணியவர் ‘இல்லை’ என்பார். இருவர் எண்ணியதும் சரியாகவே இருக்கும். ஒரே ஒரு நாள் எண்ணிக்கையை வைத்து முடிவு எழுதியதுதான் பிழை.

எண்ணும் முறையிலும் ஒரு சின்னப் பொறி உண்டு. இயல்பு வித்தின் மேல் ஹைட்ரோஃபோபின் புரதம் போர்த்தியிருப்பதால் தண்ணீர் ஒட்டாது. வெறும் தண்ணீரில் கழுவினால் வித்துகள் கட்டி கட்டியாக மிதக்கும், எண்ணிக்கை குறைந்து தெரியும். அந்தப் புரதத்துக்கான ராட்-ஏ மரபணு கெட்ட திரிபிலோ (தனி மரபு கொண்ட பூஞ்சை வகையிலோ) வித்துகள் தண்ணீரில் எளிதாகக் கலந்துவிடும். ட்வீன்-80 என்ற சோப்பு போன்ற பொருளைச் சில துளி சேர்க்காமல் இந்த இரண்டையும் ஒப்பிட்டால், வித்துச் சுவரின் தன்மையை வித்தின் எண்ணிக்கை என்று நினைத்துவிடுவோம்.

வீ-ஏ1 என்ற பழைய சுமையை மறப்பது

என் கணக்கில் இந்தத் துறையில் மிக அதிகமாக நேரம் வீணடித்த தவறு இதுதான். ஆய்வகங்களில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த நிடுலன்ஸ் திரிபுகளில் பலவற்றில் வீ-ஏ1 என்ற சடுதிமாற்றம் உள்ளது. வீ-ஏ மரபணுவின் தொடக்கக் குறியீட்டிலேயே ஓர் எழுத்து மாறியிருப்பதால், புரதத்தின் முதல் 36 அமினோ அமிலங்கள் இல்லாமல் குட்டையான வடிவம் உருவாகிறது. விளைவு வசதியானது: வெளிச்சம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தத் திரிபு தட்டு நிறைய வித்து தரும். மரபியல் கலப்பு செய்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்? அதனால்தான் யாரும் அதை மாற்ற நினைக்கவில்லை.

இயல்பான வீ-ஏ உள்ள பூஞ்சை அப்படி நடந்துகொள்ளாது. வெளிச்சத்தில் பாலிலா வித்துகளான கொனிடியாவை உருவாக்கும். இருட்டில் கனியுடல் கட்டும் பால்வழிப் பெருக்கத்தின் பக்கம் சாயும். இருட்டில் வீ-ஏ புரதம் உட்கருவுக்குள் போய், வெல்-பி என்ற கூட்டாளியோடும் லே-ஏ என்ற புரதத்தோடும் சேர்ந்து முக்கூட்டாகிறது. இது 2008-இல் வெளியானது. இந்தக் கூட்டு ஒரு கையால் பால்வழி வளர்ச்சியையும் மறு கையால் ஸ்டெரிக்மாட்டோசிஸ்டின் என்ற நஞ்சு போன்ற இரண்டாம் நிலை வளர்சிதைப் பொருள்களையும் (வளர்வதற்கு நேரடியாகத் தேவைப்படாதவை) பிடித்திருக்கிறது. வெளிச்சம் பட்டால் வீ-ஏவின் பெரும்பகுதி உட்கருவுக்கு வெளியே தங்கிவிடும். வளர்ச்சிக்கும் வேதியியலுக்கும் இடையிலான முக்கியமான இணைப்பு இந்தப் புரதத்தில் இருக்கிறது என்றால், அதே புரதத்தின் தலை வெட்டப்பட்ட திரிபை ‘இயல்பு வகை’ என்று வைத்து அந்த இணைப்பை ஆராய்வதற்கு என்ன பொருள்?

வீ-ஏ1 திரிபே கூடாது என்று சொல்லவில்லை. நிறமி மரபியலுக்கோ செல் சுழற்சிக்கோ அது நன்றாகவே உதவும். ஆனால் வெளிச்சம், கனியுடல், நஞ்சு இந்த மூன்றில் எதைத் தொட்டாலும் இயல்பான வீ-ஏ உள்ள பெற்றோர்த் திரிபில் தொடங்க வேண்டும். குறைந்தது, பயன்படுத்திய திரிபின் வீ-ஏ நிலையைத் தெளிவாக எழுத வேண்டும். அப்புறம், இயல்பான திரிபுக்கு மாறியவர்கள் உடனே செய்யும் அடுத்த தவறு வெளிச்சத்தைக் கவனிக்காதது. கண்ணாடிக் கதவு வைத்த வளர்ப்புப் பெட்டியில் மேல்தட்டில் இருக்கும் தட்டுக்கும் அடியில் இருக்கும் தட்டுக்கும் கிடைக்கும் வெளிச்சம் ஒன்றல்ல. இந்தப் பூஞ்சைக்கு சிவப்பு ஒளியை உணர ஃபைட்டோகுரோம் உண்டு, நீல ஒளிக்குத் தனி உணர்விகளும் உண்டு. இருட்டுச் சோதனை என்றால் அலுமினியத் தாளில் சுற்ற வேண்டும். நடுவில் பிரித்துப் பார்த்த தட்டை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

வித்து கூடினால் நஞ்சும் கூடும் என்று நம்புவது

இந்த நம்பிக்கைக்கு நல்ல அடிப்படை இருக்கிறது என்பதுதான் சிக்கல். ஃபேட்-ஏ என்பது செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும் ஜி புரதத்தின் ஆல்ஃபா துணையலகு. அது இயங்கிக்கொண்டிருக்கும்வரை பூஞ்சை இழையாக வளர்ந்துகொண்டே இருக்கும். எஃப்எல்பி-ஏ என்ற இன்னொரு புரதம் அதை அணைக்கிறது. அணைந்த பிறகுதான் வித்தும் வரும், ஸ்டெரிக்மாட்டோசிஸ்டினும் வரும். ஃபேட்-ஏ அணையாமலே இருக்கும்படி சடுதிமாற்றம் செய்தால் இரண்டும் நின்றுவிடும். இதைப் படித்ததும் ஒரே பொத்தானில் எல்லாம் நடக்கிறது என்று தோன்றும்.

ஆனால் அதே அணையாத ஃபேட்-ஏ, அதே நிடுலன்ஸில் பெனிசிலினுக்கான மரபணு வெளிப்பாட்டைக் கூட்டுகிறது. அதை ஃபியூசேரியம் ஸ்போரோட்ரிகியாய்டஸுக்குள் வைத்தால் டிரைக்கோதீசீன் நஞ்சும் கூடுகிறது. ஒரே சமிக்ஞை, ஒரு பொருளுக்குத் தடை, இன்னொன்றுக்குத் தூண்டல். இணைப்பு மேலே இருக்கிறது. கீழே வரும்போது கிளைகள் பிரிந்துவிடுகின்றன. நஞ்சுக்கான மரபணுத் தொகுதிக்கு மட்டும் பொறுப்பான ஏஎஃப்எல்-ஆர் மரபணுவை நீக்கிப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும்: ஸ்டெரிக்மாட்டோசிஸ்டின் நின்றுவிடும், வித்து வழக்கம்போல் வரும். ஆகவே ‘வளர்ச்சியும் வளர்சிதையும் இணைந்தவை’ என்று எழுதும்போது எந்தப் படியில், எந்தப் பொருளுக்கு என்று சேர்த்து எழுதாவிட்டால் அந்த வாக்கியத்தால் யாருக்கும் பயனில்லை.

இனம் விட்டு இனம் தாவுவதும் இதே வகைப் பிழை. பிஆர்எல்-ஏ, அபா-ஏ, வெட்-ஏ என்ற மூன்றுபடி ஏணி எல்லா இழைப் பூஞ்சைக்கும் பொது என்று பலர் எழுதுகிறார்கள். நியூரோஸ்போரா கிராசாவில் பிஆர்எல்-ஏ கிடையாது. அது கொனிடியாவுக்கு வேறு வழி வைத்திருக்கிறது, நாள்தோறும் தாளம் தவறாமல் வித்து விடுகிறது. ஃபியூசேரியம் கிராமினியாரமில் அபா-ஏவும் வெட்-ஏவும் உண்டு, வித்துக்குத் தேவையும்கூட. மேலே பிஆர்எல்-ஏ மட்டும் இல்லை. உணவு விஷயத்திலும் அப்படித்தான். நிடுலன்ஸ் நைட்ரேட் ஊடகத்தில் ஸ்டெரிக்மாட்டோசிஸ்டினைத் தாராளமாக உருவாக்கும், அம்மோனியத்தில் அடக்கிவிடும். அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை உருவாக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் பாராசிட்டிகஸ் இதற்கு நேர் எதிர். ஒன்றன் ஊடகத்தை மற்றதற்கு அப்படியே எடுத்துப் பயன்படுத்திவிட்டு, மரபணு வேலை செய்யவில்லை என்று சொல்வதில் நியாயமில்லை.

கடிகாரத்தை மட்டும் பார்ப்பது

முளைத்த உடனே நிடுலன்ஸால் வித்து விட முடியாது. ஏறக்குறைய 18 முதல் 20 மணி நேரம் வளர்ந்த பிறகே அதற்குத் தகுதி வரும். திரவத்தில் மூழ்கியிருக்கும்வரை, நல்ல உணவு இருந்தால், தகுதி வந்தாலும் வித்து விடாது. காற்றுப் பட வேண்டும். அதனால்தான் திரவத்தில் வளர்த்து, வடிகட்டி, அகார் மேல் பரப்பி, அந்த நொடியை பூஜ்யமாக வைத்து நேரம் கணக்கிடுகிறார்கள். இதைச் செய்யாமல் நேராகத் தட்டில் விதைத்து ‘48 மணி நேரத்தில் ஆர்என்ஏ எடுத்தோம்’ என்றால், அதில் இளம் விளிம்பும் முதிர்ந்த நடுவும் கலந்திருக்கும். நீக்கத் திரிபு மெதுவாக வளர்வதாக இருந்தால் இன்னும் மோசம். அதன் 48-ஆம் மணி, இயல்பு வகையின் 36-ஆம் மணிக்குச் சமமாக இருக்கலாம். நஞ்சின் அளவையும் தட்டுக்கு இவ்வளவு என்று தராமல், உலர் எடைக்கு இவ்வளவு என்று தர வேண்டியது இதனால்தான்.

எம்-ஆர்என்ஏ இருந்தால் புரதமும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிஆர்எல்-ஏவுக்கு இரண்டு எம்-ஆர்என்ஏ படிகள் (நகல்கள்) உண்டு. அவற்றில் பீட்டா படி, வித்து விடாத சாதாரண இழையிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. ஆனால் அதன் முன்பகுதியில் இருக்கும் ஒரு குட்டிப் புரதக் குறியீடு, பிஆர்எல்-ஏ புரதம் மொழிபெயர்க்கப்படாமல் தடுத்து வைக்கிறது. எம்-ஆர்என்ஏவை அளக்கும் க்யூ-பிசிஆர் மட்டும் செய்தவர் இழையிலேயே பிஆர்எல்-ஏ விழித்துவிட்டது என்பார்.

எதோடு ஒப்பிடுவது?

வழக்கமான ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம்: பெற்றோர்த் திரிபு பைர்-ஜி மரபணு இல்லாதது. யூரிடின் ஊட்டித்தான் வளர்க்க வேண்டும். நீக்கத் திரிபை உருவாக்கும்போது பைர்-ஜி அடையாளமாக உள்ளே போய்விடும். இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மாறியிருப்பது இரண்டு விஷயம். அமினோ அமிலப் பற்றாக்குறை கனியுடல் கட்டுவதையே தடுக்கும் என்பது தெரிந்திருக்கும்போது, ஊட்டக் குறையுள்ள பெற்றோரை ஒப்பீட்டுக்கு வைப்பது சரியல்ல. ஒப்பீட்டுத் திரிபுக்கும் அதே அடையாள மரபணுவைக் கொடுக்க வேண்டும், அப்புறம் நீக்கிய மரபணுவைத் திருப்பி வைத்து இயல்பு திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். என்கே‌யூ-ஏ என்ற, டிஎன்ஏவை ஒட்டும் வேலைக்கான மரபணுவை நீக்கிய திரிபுகளில், செருகும் மரபணு சரியான இடத்தில் சேரும் வாய்ப்பு மிகவும் கூடுவது உண்மைதான். அதற்காகத் திருப்பி வைக்கும் வேலை மிச்சமாகிவிடாது.

தூய்மைப்படுத்துவதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. நிடுலன்ஸ் இழையின் ஒரு செல்லில் பல உட்கருக்கள் இருக்கும், கொனிடியத்தில் ஒன்றே ஒன்று. தனி வித்திலிருந்து வளர்த்தால் கலப்பு உட்கரு பிரச்சினை தீரும். ஆனால் நீக்கியது பிஆர்எல்-ஏவாக இருந்தால் வித்துக்கு எங்கே போவது? இழை நுனியை வெட்டி வளர்க்கலாம், பால்வழி வித்தை எடுக்கலாம். அதைவிட்டு, தட்டில் அங்கங்கே தெரிந்த பச்சை வித்துகளை எடுத்து வளர்த்தால், இயல்பு உட்கருவைத்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

வலுக்கட்டாயமாக மரபணுவை இயக்கும் சோதனைக்கும் இதே எச்சரிக்கை. ஏஎல்சி-ஏ முன்னியக்கியால் (மரபணுவை இயக்கிவைக்கும் டிஎன்ஏ பகுதியால்) பிஆர்எல்-ஏவை இயக்கினால், திரவத்தில் மூழ்கிய இழையின் நுனியிலேயே வித்து வந்துவிடும். ஏணியைத் தொடங்கிவைக்க அது ஒன்றே போதும் என்பதற்கு இது அருமையான சான்று. இயல்பில் எப்போது, எங்கே இயங்குகிறது என்பதற்கு இது சான்றாகாது. மேலும் அந்த முன்னியக்கியை இயக்க குளுக்கோஸிலிருந்து திரியோனினுக்கு மாற்ற வேண்டும். அந்த மாற்றமே பூஞ்சைக்குப் பட்டினி. அதே மாற்றத்தை இயல்பு வகைக்கும் செய்து பார்த்தால்தான் கணக்கு நிற்கும்.

மரபணு இருக்கிறது, அதனால் பொருளும் இருக்கும்

2005-இல் நிடுலன்ஸ், ஒரைசே, ஃபியூமிகாட்டஸ் என்ற ஆஸ்பெர்ஜில்லஸ் இனங்கள் மூன்றின் மரபணுத்தொகையும் வெளியானபோது பலருக்கும் வியப்பு தந்தது, அவற்றில் இருந்த இரண்டாம் நிலை வளர்சிதைக்கான மரபணுத் தொகுதிகளின் எண்ணிக்கை. நிடுலன்ஸில் மட்டும் 50-க்கும் மேல். சாதாரண ஊடகத்தில் அவற்றில் பெரும்பாலானவை தூங்குகின்றன. ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசேவில் அஃப்லாடாக்சின் தொகுதியின் மரபணுக்கள் இருக்கின்றன, அஃப்லாடாக்சின் வருவதில்லை. மறுபக்கமும் உண்டு: ஓர் ஊடகத்தில், ஒரு நாளில், ஒரு கரைப்பானில் எடுத்த சாற்றின் பகுப்பாய்வு வரைபடத்தில் முகடு தெரியவில்லை என்பதற்காக அந்தப் பூஞ்சைக்குத் திறன் இல்லை என்று எழுதுவதும் பிழைதான்.

விதைக்கும் வித்தைக் கவனிக்காதது

எத்தனை வித்து விதைக்கிறோம் என்பதுகூட முடிவை மாற்றும். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸைக் குறைந்த அடர்த்தியில் விதைத்தால் ஸ்கிலிரோஷியா (கடினமான இழைக் கட்டிகள்) அதிகம், கொனிடியா குறைவு. அடர்த்தியைக் கூட்டினால் தலைகீழ். இரு திரிபுகளை ஒப்பிடும்போது விதைப்பு எண்ணிக்கை சமமாக இல்லாவிட்டால், இந்த வேறுபாட்டை மரபணுவின் கணக்கில் எழுதிவிடுவோம். பழைய தட்டிலிருந்து ஒரு திரிபுக்கும் புதிய தட்டிலிருந்து இன்னொரு திரிபுக்கும் வித்து எடுப்பதும் அப்படித்தான். வித்து உறங்கும்போதே எம்-ஆர்என்ஏவைச் சேமித்து வைத்திருக்கிறது. எந்த ஊடகத்தில், எவ்வளவு காலம் முதிர்ந்தது என்பதைப் பொறுத்து அதன் தொடக்கமே வேறாகும்.

இழையை அரைத்து அரைத்து அடுத்த ஊடகத்துக்கு மாற்றிக்கொண்டே போகும் பழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிடலாம். ஆஸ்பெர்ஜில்லஸ் பாராசிட்டிகஸில் இப்படித் தொடர்ந்து மாற்றியபோது பஞ்சுபோன்ற, வித்து குறைந்த, அஃப்லாடாக்சின் சுரக்காத வகைகள் கிளம்பின. நஞ்சுக்கான மரபணுக்கள் அவற்றிலிருந்து தொலைந்துபோகவில்லை; வெளிப்பாடுதான் போய்விட்டது. அப்படி ஒன்று உங்கள் ‘இயல்பு வகை’ குப்பிக்குள் புகுந்துவிட்டால் வரிசைப்படுத்திப் பார்த்தாலும் எளிதில் பிடிபடாது. அதனால் திரிபு கைக்கு வந்த முதல் நாளே கிளிசராலில் கலந்து மைனஸ் 80 டிகிரியில் பல குப்பிகளாக வைத்துவிட்டு, ஒவ்வொரு சோதனைத் தொடருக்கும் அதிலிருந்தே புதிதாகத் தொடங்குவது நல்லது.