பயாஸ் அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கரை நிறுத்தி வையுங்கள்

விண்டோஸ் லேப்டாப்பில் பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்) அப்டேட் போட்டதும், ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் பிட்லாக்கர் (டிஸ்க்கைச் சங்கேதமாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி) ரெக்கவரி கீ கேட்டு உயிரை வாங்குகிறதா? அந்தப் பூட்டின் சாவியைக் காக்கும் டிபிஎம் சிப், பயாஸும் செக்யூர் பூட்டும் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் அமைப்பு) முன்பு இருந்த நிலையிலேயே இருக்கிறதா என்று பார்த்துத்தான் டிஸ்க்கின் சாவியைத் தரும், ஏதாவது மாறியிருந்தால் தராது. அதனால் அப்டேட்டுக்கு முன்பே கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் பகுதிக்குப் போய் 'சஸ்பெண்ட் புரொடெக்‌ஷன்' கொடுத்துவிடுங்கள் (பூட்டையே முழுசாக நீக்கி டிகிரிப்ட் செய்யத் தேவையில்லை, வீண் வேலை), அப்புறம் 48 இலக்க ரெக்கவரி கீயை அந்த லேப்டாப்புக்கு வெளியே எங்காவது எழுதி வையுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டீர்களா? சரி, கீயைக் கொடுத்து உள்ளே போய், ஒருமுறை சஸ்பெண்ட் செய்து மறுபடி ரெஸ்யூம் செய்தால் பெரும்பாலும் புதிய நிலையைப் பதிந்துகொள்ளும். பயாஸில் 'கிளியர் டிபிஎம்' என்று ஒன்று இருக்கும், கீ கையில் இல்லாமல் அதைத் தொடவே தொடாதீர்கள்.