மும்பையில் டிஸ்சார்ஜுக்கு அப்புறம்: எந்தத் தெரபிக்கு யாரிடம் போவது

டிஸ்சார்ஜ் காகிதத்தின் கடைசி வரியில் பெரும்பாலும் 'பிசியோதெரபி' என்று ஒரே சொல் இருக்கும். எங்கே, யாரிடம், எத்தனை நாள் என்று இருக்காது. ஊராக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரே வழி சொல்லியிருப்பார். மும்பைக்குப் புதிதாக வந்த குடும்பம் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு திண்டாடும். பலர் தாதரில் திருநெல்வேலி வண்டி ஏற்றி, "ஊரில் எண்ணெய் போட்டு உருவினால் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிடுகிறார்கள். பக்கவாதத்தில் முதல் மூன்று மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அந்த மாதங்களை உருவுவதிலேயே செலவழித்துவிடாதீர்கள்.

யாருக்கு என்ன வேலை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பிஎம்ஆர் டாக்டர் என்பவர் எம்.டி. படித்த மறுவாழ்வு மருத்துவர். மற்றவர்களை ஒருங்கிணைப்பவர் அவர்தான். பிசியோதெரபிஸ்ட் நிற்க, நடக்க, படி ஏற வைப்பார். கேலிப்பர் (பலவீனமான காலைத் தாங்கும் சட்டம்), செயற்கைக் கால் செய்து பொருத்துபவர் தனி.

ஆக்குபேஷனல் தெரபிஸ்டையும் பிசியோவையும் நம் ஆட்கள் ஒன்றாகவே நினைத்துக்கொள்வார்கள். சட்டைப் பட்டன் போடுவது, புடவை கட்டுவது, சோற்றைப் பிசைந்து சாப்பிடுவது, கக்கூஸ் போய்வருவது, இவையெல்லாம் ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் பொறுப்பு. உங்கள் வீடு எப்படி இருக்கிறது என்று இவரிடம் சொல்லியே ஆக வேண்டும். தாராவியில் மாடி அறைக்குச் செங்குத்தான இரும்பு ஏணி, சந்துக்கு வெளியே பொதுக் கழிப்பறை என்பதை அவராக ஊகிக்க மாட்டார். போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

சாப்பாடு விழுங்க முடியவில்லை என்றால் போக வேண்டியது பேச்சுத் தெரபிஸ்டிடம். கேட்டால் ஆச்சரியமாகத்தான் இருக்கும். நம் வீட்டில் நோயாளிக்கு முதலில் கொடுப்பதே ரசம். பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்கு அதுதான் ஆபத்து. தண்ணீர் மாதிரி இருப்பது சட்டென்று தொண்டையில் ஓடி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இருமல் வரும், சில சமயம் நுரையீரலில் தொற்றும் வரும். கெட்டியான கஞ்சி, குழையப் பிசைந்த தயிர்ச்சோறு பலருக்குச் சுலபமாக இறங்கும். ஆனால் எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்று அவர் சோதித்துச் சொல்லட்டும். பேச்சு குழறினால் தமிழில் பேசவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாதி தெரிந்த இந்தியில் கேட்டுவிட்டு 'புரியவில்லை' என்று எழுதினால் நியாயமில்லை. தெரபிஸ்டுக்குத் தமிழ் தெரியாவிட்டால் வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். பேச்சுக்கும் காதுக்கும் என்றே பாந்த்ரா ரெக்ளமேஷனில் அலி யாவர் ஜங் நிறுவனம் இருக்கிறது.

பெரிய இடம் என்றால் ஹாஜி அலி பக்கம் உள்ள ஆல் இண்டியா இன்ஸ்டிடியூட் ஆஃப் பிசிக்கல் மெடிசின் அண்ட் ரீஹேபிலிடேஷன். மத்திய அரசுடையது, 1955ல் தொடங்கியது. கேலிப்பரும் செயற்கைக் காலும் அங்கேயே செய்கிறார்கள். மாஹிமிலிருந்து ஸ்லோ லோக்கலில் மகாலட்சுமியில் இறங்கலாம், ஃபாஸ்ட் வண்டி அங்கே நிற்காது. சயான் பக்கமிருந்து போனால் தாதரில் மாற வேண்டும். நடக்க முடியாதவரை அங்கே பிளாட்பாரம் மாறும் பாலத்தில் ஏற்றி இறக்குவது கொடுமை. தாராவிக்காரர்களுக்கு மெட்ரோ 3 தேவலை. லிஃப்ட் உண்டு, நேராக மகாலட்சுமி வரை போகிறது.

மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் சயான், கே.இ.எம்., நாயர் மூன்றிலும் பிசியோ, ஆக்குபேஷனல் தெரபி இரண்டையும் கல்லூரிப் படிப்பாகவே கற்றுக்கொடுக்கிறார்கள். இந்தியாவின் முதல் ஆக்குபேஷனல் தெரபி பள்ளி 1950ல் கமலா நிம்ப்கர் முயற்சியில் கே.இ.எம்.மில்தான் தொடங்கியது. கூட்டம் இருக்கும், கேஸ் பேப்பருக்கு, அதாவது ஓ.பி. சீட்டுக்கு, காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டும்.

என்னைக் கேட்டால், முழுப் பரிசோதனைக்கு ஹாஜி அலி போய்வாருங்கள், தினசரிப் பயிற்சிக்கு வீட்டுப் பக்கத்திலேயே இடம் பாருங்கள். டாக்ஸியும் ரயிலும் மாறிப் போய்ச் சேர்வதற்குள் நோயாளியின் தெம்பு தீர்ந்துவிடும், அப்புறம் எங்கே பயிற்சி செய்வது? பக்கத்துக் கிளினிக்கில் எல்லோருக்கும் கரண்ட் மட்டும் வைத்துப் படுக்கப் போட்டிருந்தால் வேறு இடம் பாருங்கள். மகாராஷ்டிராவில் பிசியோ, ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளுக்கு மாநிலக் கவுன்சில் உண்டு, பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள்.

தெரபிஸ்ட் இருப்பது அரை மணி நேரம், மீதி நாள் முழுக்க நீங்கள்தான். அதனால் பயிற்சியை வீட்டு ஆளும் கற்றுக்கொள்ளுங்கள். பக்கவாதக்காரரை எழுப்பும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோளைத் தாங்கும் தசை தளர்ந்திருப்பதால் மூட்டு இறங்கிவிடும். அந்த வலி மாதக்கணக்கில் நிற்கும், பயிற்சியும் கெடும். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடித்துத் தூக்குங்கள். ஒரு கால்தான் பழுது என்றால் கைத்தடி நல்ல கால் பக்கத்துக் கையில் இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுள்ள கால் முதலில். சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்கவும், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்கவும்.

நாலைந்து இந்திச் சொற்களை நோயாளிக்கே சொல்லிக்கொடுங்கள். வலி 'தர்த்', மரத்துப்போனால் 'சுன்', தலை சுற்றினால் 'சக்கர்', போதும் என்றால் 'பஸ்'. முக்கியமாகக் கடைசிச் சொல். பெரியவர்கள் மரியாதைக்காக வலியைப் பொறுத்துக்கொண்டே இருப்பார்கள்.

மெடிக்ளெய்ம் இருந்தால் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு எத்தனை நாள் வரை என்று பாருங்கள். பொதுவாக 60 அல்லது 90 நாள். பிசியோ வேண்டுமென்று டாக்டர் எழுதிய சீட்டும் ரசீதும் இல்லாமல் பணம் வராது. சம்பளத்தில் இஎஸ்ஐ பிடிக்கிறார்களென்றால் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியையும் விசாரியுங்கள்.

குறை நிலைத்துவிட்டது என்று டாக்டர் சொன்னால் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களை ஏற்கிறது. சலுகைகளில் பலவற்றுக்கு ஊனம் குறைந்தது 40 சதவீதம் என்று சான்று தேவை. லோக்கலில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பெட்டி உண்டு. பிளாட்பாரத்தில் அது நிற்கும் இடத்தை முதல் நாளே போய்ப் பார்த்து வையுங்கள், வண்டி நிற்பது சில நொடிகள்தான்.