ஃபிளாஸ்கைத் தொடுமுன் ஒரு டாக்கிங்: புது ஆராய்ச்சி மாணவர்களுக்கு

கரிமத் தொகுப்பு ஆய்வகத்தில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே வழிகாட்டி சொல்வார்: "நீ செய்யப்போற மாலிக்யூலையெல்லாம் டாக் பண்ணிப் பாரு." ஒரு மூலக்கூறு புரதத்தின் குழியில் எப்படி உட்காரும், எவ்வளவு இறுக்கமாகப் பிணையும் என்று கணினியில் கணிப்பதுதான் டாக்கிங். மென்பொருள் எதை உள்ளே போட்டாலும் ஓர் எண்ணை, அதாவது ஸ்கோரை, தந்துவிடும். அதனால் முதலில், விடை தெரிந்த ஒன்றை வைத்து அதைச் சோதித்துவிடுங்கள். மருந்தோடு சேர்ந்த புரதத்தின் படிக அமைப்பிலிருந்து மருந்தை எடுத்துவிட்டு, மென்பொருள் அதைப் பழைய இடத்திலேயே வைக்கிறதா என்று பார்ப்பது. இதற்கு ரீடாக்கிங் என்று பெயர்.

படி 1. புரதத் தரவு வங்கியிலிருந்து 1எச்எஸ்ஜி கோப்பை இறக்குங்கள். எச்ஐவி வைரஸின் நொதியான புரோட்டியேஸும் அதற்குள் இண்டினாவிர் மருந்தும் இருக்கும். மூலக்கூறுகளைப் படமாகக் காட்டும் பைமால் மென்பொருளில் திறந்து, எம்கே1 என்ற பெயரில் இருக்கும் மருந்தைத் தனியாகச் சேமியுங்கள். புரதத்தின் இரண்டு சங்கிலிகளும் வேண்டும். மருந்து உட்காரும் குழி இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

படி 2. தண்ணீரையெல்லாம் அழித்துவிடு என்றுதான் பல கையேடுகள் சொல்லும். இங்கே அவசரப்பட வேண்டாம். ஒரே ஒரு நீர் மூலக்கூறு, இரு சங்கிலிகளிலும் 50-ஆம் இடத்தில் இருக்கும் ஐசோலூசின் அமினோ அமிலத்துக்கும் மருந்துக்கும் இடையில் ஹைட்ரஜன் பிணைப்புகளால் பாலம் போட்டு நிற்கிறது. அதை வைத்து ஒருமுறை, எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். அப்புறம் ஹைட்ரஜன் சேருங்கள்.

படி 3. மருந்தின் முப்பரிமாண வடிவத்தை ஸ்மைல்ஸ் வரியிலிருந்து (மூலக்கூறை எழுத்துகளால் எழுதும் முறை) ஆர்டிகிட் என்ற வேதியியல் நிரல் தொகுப்பில் புதிதாக உருவாக்குங்கள். படிகத்தில் இருந்த வடிவத்தையே கொடுப்பது, விடைத்தாளைக் கையில் கொடுத்துத் தேர்வு வைப்பது போல. இண்டினாவிரில் 5 சைரல் மையங்கள் (இரண்டு விதமாக அமையக்கூடிய அணுக்கள்), அதாவது 32 ஸ்டீரியோஐசோமர்கள் சாத்தியம். வரியில் மையத்தின் அமைப்பைச் சொல்லும் ஒரு @ குறி விட்டுப்போனால் அந்த மையத்துக்கு ஏதோ ஒரு வடிவம் அமைந்துவிடும். படத்தைச் சுழற்றிப் பார்க்காதவரை தெரியாது.

படி 4. புரதம், மருந்து இரண்டையும் பிடிபிக்யூடி கோப்பு வடிவத்துக்கு மாற்றி, டாக்கிங் மென்பொருளான ஆட்டோடாக் வினாவில் ஓட்டுங்கள். தேடல் பெட்டியின் மையம் பழைய மருந்தின் மையம். நுனிகளைத் தாண்டி 4 அல்லது 5 ஆங்ஸ்ட்ராம் இடம் விடுங்கள். எக்ஸாஸ்டிவ்நெஸ், அதாவது எவ்வளவு ஆழமாகத் தேட வேண்டும் என்ற அமைப்பு, நீங்கள் மாற்றாவிட்டால் 8 என்றே இருக்கும். இந்த மருந்தில் சுழலும் பிணைப்புகள் அதிகம், 32 வையுங்கள்.

படி 5. கிடைத்த நிலைக்கும் படிக நிலைக்கும் ஆர்எம்எஸ்டி (அணுக்கள் சராசரியாக எவ்வளவு விலகியிருக்கின்றன என்ற அளவு) 2 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே வந்தால் சரி. கணக்கிடும்போது இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திவிடாதீர்கள். பொருத்தினால், குழிக்கு வெளியே கிடக்கும் மருந்துகூட நல்ல எண் வாங்கிவிடும்! ஆர்டிகிட்டில் கால்க்ஆர்எம்எஸ் நகர்த்தாமல் அளக்கும். கெட்பெஸ்ட்ஆர்எம்எஸ் பொருத்திவிட்டு அளக்கும்.

படி 6. இனி உங்கள் மூலக்கூறுகள். அதே அமைப்பு இன்னொரு புரதத்துக்குச் செல்லாது. உங்கள் இலக்குப் புரதத்திலும் ரீடாக்கிங்கை முடித்துவிட்டு வாருங்கள். அறை வெப்பநிலையில் பிணைப்பு ஆற்றலில் மோலுக்கு 1.4 கிலோகலோரி வித்தியாசம் என்றாலே பிணைப்பு வலிமையில் பத்து மடங்கு. வினாவின் பிழை அதைவிடப் பெரியது. ஆகவே மைனஸ் 9.1, மைனஸ் 8.7 என்ற இரண்டு ஸ்கோர்களில் எது சிறந்தது என்று சண்டை போடுவது வீண்.

என்னைக் கேட்டால், அந்த இடத்தில் கணினியை மூடிவிட்டு ரெட்ரோசிந்தசிஸ் போடுவேன், அதாவது இறுதி மூலக்கூறிலிருந்து பின்னோக்கித் தொகுப்பு வழியைத் திட்டமிடுவேன். ஒரே இடைநிலைப் பொருளிலிருந்து கடைசிப் படியில் அமைடு கப்ளிங் (அமிலத்தையும் அமீனையும் இணைக்கும் வினை) செய்து கிளைபிரியும் வரிசையாகத் தேர்ந்தெடுங்கள். ஒருமுறை காலம் குரோமட்டோகிராஃபி ஓட்டிச் சுத்தப்படுத்திச் சேர்த்த பொருள் பல மூலக்கூறுகளுக்கு உதவும். அந்த வரிசையில், டாக்கிங் மோசம் என்று சொன்ன ஒன்றையும் வேண்டுமென்றே செய்யுங்கள். உயிரியல் சோதனையில் அதுவும் நன்றாக வேலை செய்தால், அந்த ஸ்கோரை எவ்வளவு நம்பலாம் என்பது அடுத்த சுற்றுக்கு முன்பே தெரிந்துவிடும்.