ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸிங் ஆய்வு: டர்பனிலிருந்து விண்ணப்பிக்கும் முறை

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்து நர்ஸ்களுக்கு மாகாண ஆஸ்பத்திரியில் ஆய்வு அனுமதி வாங்கும் வழி பழக்கமானதுதான். ராணுவத்துக்குள் அந்த வழி செல்லாது. மாகாண ஆஸ்பத்திரிகள் சுகாதாரத் துறையின் கீழ் இருக்கின்றன. தென்னாப்பிரிக்க ராணுவ சுகாதார சேவை பாதுகாப்புத் துறையின் கீழ் இருக்கிறது. மாகாணம் தந்த கடிதத்தை அங்கே நீட்டினால் விண்ணப்பம் முதல் மேசையிலேயே நின்றுவிடும்.

மூன்று ராணுவ ஆஸ்பத்திரிகளும் டர்பனுக்கு வெளியே இருக்கின்றன: முதலாவது பிரிட்டோரியாவின் தாபா ட்ஸ்வானேயில், இரண்டாவது கேப் டவுனின் வைன்பெர்கில், மூன்றாவது ப்ளூம்ஃபோண்டைனில். ஆகவே பயணச் செலவைக் கணக்கில் முதலில் எழுதுங்கள். ஒரே ஆளைப் பலமுறை சந்திக்க வேண்டிய ஆய்வு என்றால் அந்தத் தொகை அத்தனை மடங்காகும்.

கேள்வியைச் சிறிதாக்குங்கள். “ராணுவ நர்ஸ்களின் மன அழுத்தம்” என்று தொடங்கினால் எதை அளப்பது என்றே தெரியாது. “டூர்னிக்கே கட்டக் கற்ற நர்ஸுக்கு 6 மாதம் கழித்து அந்தத் திறன் எவ்வளவு மிஞ்சுகிறது?” என்று கேட்டால் அளக்கலாம். (டூர்னிக்கே என்பது ரத்தப்போக்கை நிறுத்தக் கையிலோ காலிலோ இறுக்கிக் கட்டும் பட்டை.) காயத்துக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர் மேலே கட்டினாரா, கட்டுக்குக் கீழே நாடித்துடிப்பு நின்றதா, கட்டிய நேரத்தை எழுதினாரா, எத்தனை விநாடி எடுத்தார்: நான்கும் எண்ணாகவோ ஆம்/இல்லை என்றோ பதிவாகும். பயிற்சி முடிந்த அன்று, 3ஆம் மாதம், 6ஆம் மாதம் என்று மூன்று முறை அளந்தால் போதும். நாடியைப் பார்க்க வேண்டுமென்றால் பயிற்சிப் பொம்மையில் துடிப்பு வசதி இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த அளவை முன்கூட்டியே நீக்கிவிடுங்கள்.

அமெரிக்காவில் முப்படை நர்ஸிங் ஆய்வுத் திட்டம் 1992இல் தொடங்கியது. தரைப்படை, கடற்படை, விமானப்படை நர்ஸ்களின் ஆய்வுக்கென்றே நிதி ஒதுக்கும் திட்டம் அது. அங்கே நடந்த ஆய்வுகளைப் படியுங்கள், ஆனால் அவற்றின் கேள்வித்தாளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பதவிப் பெயரும் பணிச்சுழற்சியும் இங்கே வேறு. கேள்வித்தாளை ஸுலுவிலோ ஸெஸோதோவிலோ தரும்போது ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் ஆங்கிலத்துக்குத் திருப்ப வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாத வரிகளைத் திருத்துங்கள். பிறகு 10 பேரிடம் சோதித்துப் பாருங்கள். அந்தப் பத்துப் பேரை முதன்மை ஆய்வில் சேர்க்கக் கூடாது.

எத்தனை பேர் வேண்டும்? 95% நம்பகத்துக்கும் 5% பிழைக்கும் 384 என்று எல்லோரும் எழுதுவார்கள். அது பெரிய மக்கள்தொகைக்கான எண். ஓர் இடத்தில் 150 நர்ஸ்கள்தான் என்றால் திருத்தக் கணக்கு 384 ÷ (1 + 383/150), அதாவது 109 பேர். நூற்றுக்கு 70 பேர்தான் பதில் தருவார்கள் என்று வைத்தால் 156 பேரை அணுக வேண்டும், ஆனால் இருப்பதே 150. ஆகவே சீட்டுக் குலுக்காமல் எல்லோரையும் கேட்டுவிடுங்கள், காரணத்தையும் எழுதிவையுங்கள். தொடர் அளவீடு என்றால் வெளிநாட்டுப் பணிக்குப் போய்விடுகிறவர்கள் இடையில் குறைவார்கள். அவர்களை எப்படிக் கணக்கில் எடுப்பீர்கள் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுப் பணிக்குப் போகும் படைகள் ப்ளூம்ஃபோண்டைன் அருகே டி ப்ரூக் மையத்தில் கூடித் தயாராகும் வழக்கம் உண்டு. முதல் அளவீட்டுக்கு ஏற்ற இடம் அது. ஆனால் அங்கே ஆட்களுக்கு நேரம் குறைவு, 15 நிமிடத்துக்கு மேல் கேட்கக் கூடாது.

பல ஆய்வுகள் சறுக்குவது ஒப்புதலில்தான். படையில் மேலதிகாரி “விருப்பமிருந்தால்” என்று சொன்னாலும் அது கீழுள்ளவர் காதில் கட்டளையாகவே விழும். 2003ஆம் ஆண்டின் 61ஆம் எண் தேசிய சுகாதாரச் சட்டப்படி ஆய்வுக்கு அறநெறிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். இந்த நாட்டின் அறநெறி நெறிமுறைகளோ சீருடைப் பணியாளர்களைச் சார்புநிலையில் உள்ளவர்களாகவே, அதாவது மேலதிகாரத்துக்கு அடங்கியிருப்பதால் எளிதில் மறுக்க முடியாதவர்களாகவே, கருதுகின்றன. ஆகவே அணிவகுப்பிலோ பணிமாற்றக் கூட்டத்திலோ ஆள் சேர்க்காதீர்கள். சீருடை போடாத, அந்தப் பிரிவைச் சேராத ஒருவர் பேசட்டும். எல்லோருக்கும் ஒரே மாதிரி உறை கொடுங்கள். மறுப்பவர் வெற்றுத்தாளை உறையில் போட்டு ஒட்டித் தந்தால் யார் மறுத்தார் என்பது யாருக்கும் தெரியாது.

மனநலக் கேள்வி இருந்தால் கூடுதல் ஏற்பாடு தேவை. மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளின் 9ஆம் கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. பெயரில்லாத தாளில் அதற்கு யாராவது ஆம் என்று எழுதினால் அவரை உங்களால் தேடிப் பிடிக்க முடியாது. ஒன்று, அன்றே பார்த்து உதவும்படி குறியீட்டு எண் வைத்து ஆலோசகரையும் ஏற்பாடு செய்யுங்கள். அல்லது அந்தக் கேள்வித்தாளையே விட்டுவிடுங்கள்.

அனுமதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்: பல்கலைக்கழக அறநெறிக் குழு, ராணுவத் தரப்பில் ஒன்றாம் ராணுவ ஆஸ்பத்திரியின் அறநெறிக் குழு, பிரிவுத் தலைவர், பாதுகாப்புப் புலனாய்வு. கேள்வித்தாளில் ஒரு வரி மாறினாலும் எல்லோருக்கும் திருத்தம் அனுப்ப வேண்டும், அதனால் முன்சோதனைக்குப் பிறகுதான் இறுதிப் பிரதியைக் கொடுங்கள்.

தகவல் காப்பில் பெயரை அழித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். “பெண், மேஜர், குழந்தைகள் வார்டு” என்ற மூன்று சொல்லே ஓர் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பதவிகளை இரண்டு மூன்று கட்டுகளாகச் சேருங்கள், 5 பேருக்குக் குறைவான கட்டங்களை அட்டவணையில் காட்டாதீர்கள். 2013ஆம் ஆண்டின் 4ஆம் எண் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்புவகை என்கிறது. கைப்பேசியில் பதில் வாங்கினால் பதில் தருபவர் இருக்கும் இடத்தைப் படிவம் பதிவு செய்யும் வசதியை அணைத்துவிடுங்கள். 2018இல் ஸ்ட்ராவா ஓட்டப் பயிற்சிச் செயலியின் வரைபடம் ராணுவ முகாம்களின் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்தது இப்படித்தான்.

வெளியிடுவதற்கு முன் வரைவை ராணுவத் தரப்பு பார்க்க வேண்டியிருக்கும். எத்தனை பேர் எங்கே இருந்தார்கள், எந்த மருந்து குறைவாக இருந்தது என்பதைத்தான் அடித்து நீக்குவார்கள். அவை இல்லாமலே உங்கள் முடிவு நிற்குமா என்று எழுதும்போதே பாருங்கள். பங்கெடுத்த நர்ஸ்களுக்கு ஒரு பக்கச் சுருக்கத்தை அவர்கள் மொழியிலேயே எழுதி, அதையும் ராணுவத் தரப்பின் பார்வைக்கு அனுப்பி, வார்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.