எழுதியவரின் நோக்கத்தையும் தொனியையும் கண்டுபிடிப்பது எப்படி?

“நோக்கம்: தகவல் தருதல்” என்று பரீட்சைக்காக மனப்பாடம் செய்யவைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். யார் படித்தாலும் பழகக்கூடிய திறன் இது. நம் செட்டிநாட்டையே வைத்துப் பழகலாம்.

முதல் படி, நோக்கம். படித்து முடித்ததும் அந்த எழுத்து உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறது என்று கேளுங்கள். வீட்டுத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி மூன்று வரிகள்:

“கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் நிரப்பி, கையாலேயே செய்கிறார்கள்.”

“உங்கள் வீட்டுக் கூடத்திலும் செட்டிநாட்டு அழகு மலரட்டும்!”

“பக்கத்து ஊர்க் கைவினையை விட்டுவிட்டு, எங்கிருந்தோ வரும் பளிங்குக்கு ஏன் அலைகிறோம்?”

முதல் வரி தெரிந்துகொள்ளச் சொல்கிறது. அடுத்தது வாங்கச் சொல்கிறது. மூன்றாவது மனத்தை மாற்றிக்கொள்ளச் சொல்கிறது. மூன்றும் ஒரே கட்டுரையில் கலந்திருந்தால் கடைசிப் பத்தியைப் பாருங்கள். கேட்க வந்ததைப் பெரும்பாலும் அங்கேதான் கேட்பார்கள்.

இரண்டாம் படி, தொனி. இங்கேதான் நிதானம் வேண்டும். அடைமொழிகளைத் தேடும்படி பலர் சொல்வார்கள். தமிழில் அதைவிட நம்பகமான இடம் வினைமுடிவு, அதாவது வாக்கியக் கடைசியில் வினைச்சொல் முடியும் விதம். செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். “வீடு பூட்டியிருக்கிறது” என்பது செய்தி. “வீடு பூட்டிக் கிடக்கிறது” என்றால் கவனிப்பார் இல்லையே என்ற ஆதங்கமும் சேர்ந்துவிடுகிறது.

இன்னொன்று: “தேக்குத் தூண்களை விற்றார்கள்”, “விற்றுவிட்டார்கள்”, “விற்றுத் தொலைத்தார்கள்”. நடந்தது ஒன்றுதான். முதலாவது நடுநிலை, மூன்றாவது எரிச்சல். நடுவில் உள்ளது வருத்தமாகவும் இருக்கலாம், வேலை முடிந்தது என்ற வெறும் தகவலாகவும் இருக்கலாம். முன்பின் வரிகளைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். “தேக்கெல்லாம் பர்மாவிலிருந்து வந்ததாம்” என்பதிலும் அப்படித்தான்: அந்த ‘ஆம்’ வியப்பா, நம்பாமையா என்பதைப் பக்கத்து வரிகள் சொல்லும். ஐயம் வந்தால் வினையை மட்டும் மாற்றி வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

மூன்றாம் படி, சொல்லாமல் விட்டதைத் தேடுவது. தங்கும் விடுதியின் விளம்பரம் முகப்பையும், நடுமுற்றமான வளவையும் வர்ணிக்கும். வீட்டுக்கு எத்தனை பங்காளிகள், ஓடு மாற்ற யார் பணம் தருவது என்ற பேச்சே அதில் இருக்காது. வீடுகளைக் காக்க வேண்டும் என்று எழுதுபவர் அங்கிருந்துதான் தொடங்குவார்.

இனி நீங்களே செய்யுங்கள். ஒரே விஷயத்தைப் பற்றிய செய்தியையும் தலையங்கத்தையும் நாளிதழில் எடுத்து, வினைமுடிவுகளை மட்டும் அடிக்கோடிட்டு, இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.