பஞ்சு பறக்கும் ஊரில் பவர்ஃபுல் லேப்டாப்: பார்த்து வாங்குவது, திறந்து சுத்தம் செய்வது

திருப்பூரில் பேட்டர்ன் போடுகிறவருக்கும், கோவையில் பம்ப் பாகங்களை 3டி-யில் வரைகிறவருக்கும் கடையில் எடுத்து வைப்பது பெரும்பாலும் ஒரே ரகம்தான்: 'ஐ7, ஆர்டிஎக்ஸ் 4060, 16 ஜிபி'. முதலாவது ப்ராசஸர், இரண்டாவது கிராஃபிக்ஸ் சிப், மூன்றாவது ரேம். இந்த மூன்றை மட்டும் வைத்து ஒரு லேப்டாப்பின் வேகத்தைச் சொல்லிவிட முடியாது. சிப்புக்கு எத்தனை வாட் போகிறது, அது சூடாக மாறி எந்த வழியாக வெளியேறுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் பக்கம் அந்த வழியை அடைப்பது பஞ்சு.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

இன்டெல் ப்ராசஸர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 13-ஆம் தலைமுறையில் 'யு' என்று முடிந்தால் அடிப்படை 15 வாட், 'ஹெச்' என்றால் 45, 'ஹெச்எக்ஸ்' என்றால் 55. ஐ7-13700ஹெச்எக்ஸில் 16 கோர் (கணக்குப் போடும் தனித்தனிப் பகுதிகள்). டர்போவில், அதாவது வேகத்தைத் தற்காலிகமாக ஏற்றும்போது, 157 வாட் வரை இழுக்கும். ஐ7-13700ஹெச்சில் 14 கோர், 115 வாட். இந்த உச்சம் கொஞ்ச நேரத்துக்குத்தான். அரை மணி நேரம் ரெண்டர் (3டி மாடலைப் படமாக்கும் வேலை) ஓடும்போது எத்தனை வாட்டில் நிற்கிறது என்பது சிப்பின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க்கையும் ஃபேனையும் பொறுத்தது.

கிராஃபிக்ஸ் சிப்பில் ஏமாறுவது இன்னும் சுலபம். லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4060-க்கு என்விடியா வைத்திருக்கும் வரம்பு 35 முதல் 115 வாட். மெலிசான லேப்டாப்பிலும் கனமான கேமிங் லேப்டாப்பிலும் அதே பெயர் இருக்கும், வேகம் இருக்காது. கடையில் ஓடிக்கொண்டிருக்கும் மாடலில் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் 'மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர்' என்ற வரியைக் காட்டச் சொல்லுங்கள். இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஸ்டிக்கரில் இல்லாத விலை வித்தியாசம் அந்த வரியில்தான் இருக்கிறது.

எல்லோருக்கும் பெரிய கிராஃபிக்ஸ் தேவையும் இல்லை. பாகங்களை மாடல் செய்து மாற்றிக்கொண்டே இருக்கும் கேட் (CAD, கம்ப்யூட்டரில் வரையும்) வேலையில் பெரும்பாலும் ஒற்றைக் கோரின் வேகம்தான் முக்கியம். 16 கோர் இருந்தாலும் மற்றவை சும்மா இருக்கும். ரெண்டரிங், சிமுலேஷன் என்று போனால்தான் எல்லாக் கோருக்கும் வேலை. பிரின்ட் டிசைன் செய்கிறவர்கள் கிராஃபிக்ஸில் சேமித்து டிஸ்ப்ளேயில் போடலாம். திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கான அளவுகள்தான் என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி. '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று எழுதியிருந்தால் நிறம் வெளிறித் தெரியும். அந்தத் திரையைப் பார்த்து ஷேடு முடிவு செய்தால் ஆர்டர் கொடுத்த பையரிடம் அடி வாங்க வேண்டியதுதான். '100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி' என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும்.

ரேம், எஸ்எஸ்டி

ரேம் இரண்டு வகை: ஸ்லாட்டில் மாட்டுவது, போர்டிலேயே சால்டர் செய்தது. 'எல்பிடிடிஆர்5' என்று இருந்தால் ஏறக்குறைய எல்லாவற்றிலும் சால்டர்தான். பிறகு கூட்ட முடியாது என்பதால் வாங்கும்போதே போதிய அளவு எடுத்துவிடுங்கள். ஸ்லாட் உள்ளதில் ஒற்றை ரேம் கட்டையை விட இரண்டு கட்டை நல்லது. ஒரே 16 ஜிபி-யில் ஓடும் லேப்டாப்பில் இன்னொரு 16 போட்டாலே வித்தியாசம் தெரியும், முக்கியமாக ப்ராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸில் வேலை பார்க்கிறவர்களுக்கு. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும்.

டிடிஆர்4 கட்டையில் 260 பின், டிடிஆர்5-இல் 262. நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும் என்பதால் ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் இறங்காது, அழுத்திப் பார்க்காதீர்கள். சரியான கட்டையைச் சாய்த்துச் செருகி, தங்க நிறப் பின்கள் உள்ளே போனதும் கீழே அழுத்தினால் இரு பக்கக் கிளிப்பும் 'டிக்' என்று பிடிக்கும். டிடிஆர்5 மாற்றிய பிறகு முதல்முறை ஆன் செய்யும்போது சில நிமிடம் திரை கருப்பாகவே இருக்கலாம். அது புது ரேமோடு ஒத்துப்போக எடுத்துக்கொள்ளும் நேரம். ரேம் போய்விட்டது என்று நினைத்துப் பாதியில் பவர் பட்டனை அமுக்கி நிறுத்துகிறவர்கள்தான் கடைக்கு ஓடுகிறார்கள்.

ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி பெரும்பாலும் 'எம்.2 2280': 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். நான்கு லேன் (டேட்டா போகும் தடம்) ஜென் 3 (பிசிஐஇ இணைப்பின் மூன்றாம் தலைமுறை) என்றால் நொடிக்கு 3.5 ஜிபி அளவில் படிக்கும், ஜென் 4 என்றால் 7 ஜிபி அளவில். பழைய சாட்டா இணைப்பு வகை அரை ஜிபியோடு சரி. எல்லாமே பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும், ஆகவே இரண்டாவது ஸ்லாட் எந்த வகையை ஏற்கும் என்று சர்வீஸ் மேனுவலில் பார்த்துவிட்டு வாங்குங்கள். மேலே தடித்த ஹீட்சிங்க் ஒட்டி வரும் டெஸ்க்டாப் ரகத்தை வாங்கினால் அடிமூடி மூடாது. பழையதைக் கழற்றும் முன் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ரெக்கவரி கீயை வேறு இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிஸ்டம் அதைக் கேட்டு நிற்கும்போது கையில் இல்லையென்றால் டேட்டாவுக்கு வழியில்லை.

திறந்து சுத்தம் செய்தல்

ஊதுகுழாயை வெளியே பிடித்து ஊதினால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. ஃபேன் காற்றை உள்ளிழுத்து, ஓரத்தில் உள்ள மெல்லிய செம்புத் தகடுகளின் இடுக்கு வழியாக வெளியே தள்ளுகிறது. பஞ்சு சேர்வது ஃபேனுக்கும் அந்தத் தகடுகளுக்கும் நடுவில். நிட்டிங் யூனிட்டிலோ தறிக்குடோனிலோ ஓடிய லேப்டாப்பைத் திறந்தால், அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பஞ்சு, துணி நெய்தது போலப் படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது ஃபேனுக்குள் சரிந்து, ஃபேன் மறுபடி சுற்றியதும் பழைய இடத்துக்கே வந்து ஒட்டும்.

வேண்டியவை: பிஎச்0 ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பழைய ஏடிஎம் கார்டு, பிளாஸ்டிக் சாமணம், மென்மையான பிரஷ், 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால். சில மாடலில் டி5 டார்க்ஸ் ஸ்க்ரூ வரும்.

ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள். அப்போதுதான் விண்டோஸ் முழுதாக அணையும். அடாப்டரைப் பிடுங்கிவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். கழற்றும் ஸ்க்ரூக்களை ஒரே கிண்ணத்தில் போட்டுக் கலக்காதீர்கள். அட்டையில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்த இடத்து ஸ்க்ரூவோ அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். கீல் பக்கம் நீளமானவை, முன்பக்கம் குட்டையானவை என்று வரும்; நீளமானதைக் குட்டையானதன் இடத்தில் போட்டு முறுக்கினால் கை வைக்கும் பக்கத்தில் முனை எட்டிப் பார்க்கும். ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூவும் உண்டு. எல்லாம் கழற்றியும் மூடி வரவில்லையென்றால் முதலில் அங்கே தேடுங்கள், நெம்பாதீர்கள். மூடியோடேயே தங்கிவிடும் ஸ்க்ரூவும் இருக்கும், தளர்ந்தால் போதும்.

ஓரத்தில் கார்டை மெல்ல விட்டு, கிளிப் ஒவ்வொன்றாக விடுபட நகர்த்துங்கள். ஆழமாக விட்டால் உள்ளே ஒயர் மாட்டும். மூடி வந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிரிப்பது. சிலவற்றில் பக்கவாட்டில் இழுக்க வேண்டும், சிலவற்றில் மேலே தூக்க வேண்டும். பூட்டு இருக்கிறதா என்று பார்த்து, ஒயரைப் பிடிக்காமல் கனெக்டரையே பிடித்து எடுங்கள். பிறகு பவர் பட்டனை 15 நொடி அழுத்திப் பிடித்தால் மிச்சம் நிற்கும் மின்சாரமும் இறங்கிவிடும்.

ஃபேன் மூன்று நான்கு ஸ்க்ரூவில்தான் நிற்கும். அதன் கனெக்டரை எடுத்து, ஒட்டியிருக்கும் டேப்பைக் கிழியாமல் உரித்து, ஃபேனை வெளியே எடுத்தால் பஞ்சுப் பட்டை முழுசாகத் தெரியும். சாமணத்தால் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக வந்துவிடும். தகட்டு இடுக்கில் மிச்சமிருப்பதை பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தள்ளுங்கள். ஊதுவதாக இருந்தால் ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போகும்.

நிட்டிங் மெஷினுக்குப் பஞ்சு ஊதும் ஏர் கன்னைக் கொண்டுவருவதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய தப்பு. கம்ப்ரஸர் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், பிரஷரும் அதிகம். கையால் அமுக்கும் ரப்பர் புளோயர் போதும். அடுத்தது, சத்தம் போடும் ஃபேனுக்குத் தையல் மெஷின் எண்ணெய் விடுவது. இரண்டு வாரம் அமைதியாக ஓடும், பிறகு எண்ணெயில் பஞ்சு ஒட்டி முன்னைவிட மோசமாகும். சத்தம் வந்தால் பார்ட் நம்பரைப் படித்துப் புது ஃபேன் போடுங்கள். இடது ஃபேனும் வலது ஃபேனும் வேறு வேறு.

பேஸ்ட்

பஞ்சு எடுத்த பிறகும் சூடு குறையவில்லையென்றால்தான் தெர்மல் பேஸ்டில், அதாவது சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் பூசும் பசையில், கை வையுங்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற சூடு காட்டும் சாஃப்ட்வேரில், வேலை முழு வேகத்தில் ஓடும்போது ஒரு கோருக்கும் இன்னொரு கோருக்கும் 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பேஸ்ட் காய்ந்தோ விலகியோ இருக்கலாம். முதலில் உங்கள் மாடலில் லிக்விட் மெட்டல் (பேஸ்டுக்குப் பதில் வரும் திரவ உலோகம்) இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஆசஸ் ராக் வரிசையில் பலவற்றில் இருக்கிறது. அது கரண்ட் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். பழக்கமில்லாதவர்கள் தொடக்கூடாது.

சாதாரண பேஸ்ட் என்றால், பத்து நிமிடம் லேப்டாப்பைச் சூடாக ஓட்டி அணைத்துவிட்டுத் திறங்கள்; பேஸ்ட் இளகியிருக்கும். ஹீட்சிங்க்கில் ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். கழற்றும்போது கடைசி எண்ணிலிருந்து, மாட்டும்போது முதல் எண்ணிலிருந்து, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு பக்கத்தை முழுதாக முறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் சிப்பின் ஓரம் உடையலாம். பழைய பேஸ்டைத் துடைக்க பனியன் வேஸ்ட் வேண்டாம், நூல் உதிரும். காபி ஃபில்டர் பேப்பரோ மைக்ரோஃபைபர் துணியோ எடுத்து ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். லேப்டாப் சிப்புக்கு மேல் உலோக மூடி கிடையாது. நடுவில் ஒரு பொட்டு வைத்து விட்டுவிட்டால் மூலைகள் காயும், ஆகவே முழுப் பரப்பிலும் மெல்லியதாகத் தடவ வேண்டும். கெட்டியான பேஸ்ட் நல்லது. ஹனிவெல் பிடிஎம்7950 தாள் அதைவிட நீண்ட நாள் வரும். சூட்டில் இளகிப் படிகிற வகை என்பதால் சிப்பிலிருந்து எளிதில் விலகாது.

பக்கத்தில் மெமரி சிப்புகள் மேல் உள்ள தெர்மல் பேடு கிழிந்தால் அதே கனத்தில் வாங்குங்கள். அரை மி.மீ. தடித்துப் போனால் ஹீட்சிங்க் சிப்பில் படியாமல் தூக்கி நிற்கும். சூடு முன்னைவிட ஏறிவிட்டது என்று வருகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம். ஒர்க்‌ஷாப்பில் வெர்னியர் இருந்தால் கிழியாத துண்டை அளந்துகொள்ளுங்கள்.

மூடியதும் அதே வேலையை அதே நேரம் ஓட்டிப் பாருங்கள். இன்டெல் சிப்பின் வரம்பு பெரும்பாலும் 100 டிகிரி. அதைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஈரோடு, கரூர் சித்திரை வெயிலில் அறை சூடு கூடும் அளவுக்குச் சிப்பின் சூடும் கூடும். பகலில் பெரிய ரெண்டர் ஓட்டியே ஆக வேண்டுமென்றால், பவர் ஆப்ஷனில் 'மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்' என்பதை 99 ஆக்குங்கள். பல லேப்டாப்பில் டர்போ நின்று சூடு சட்டென இறங்கும், வேகமும் ஓரளவு குறையும். கட்டிலிலோ மெத்தையிலோ வைத்து ஓட்டினால் அடிப்பக்கத் துளை அடைபட்டு இத்தனை வேலையும் வீண். நிட்டிங் ஹாலில் வைத்திருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறக்கலாம். வீட்டில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு வருடம் ஒருமுறை போதும்.

கரண்ட்

அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், ஆகவே லோ வோல்டேஜுக்குப் பயந்து ஸ்டெபிலைசர் வாங்க வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது நியூட்ரல் கட் ஆவதற்கு. மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் போனால் ஒரு ஃபேஸில் 400 வோல்ட்டை நெருங்கி ஏறலாம். லைட் திடீரென்று அளவுக்கு மீறிப் பிரகாசமானால் உடனே அடாப்டரைப் பிடுங்குங்கள்.

230 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 65 வாட் டைப்-சி சார்ஜர் போட்டால் சார்ஜ் ஏறுவது போலத் தெரியும், வேகம் எழாது. டெல், ஹெச்பி-யின் உருண்டைப் பின் அடாப்டர்களில் நடுவில் ஒரு மெல்லிய பின் இருக்கும். அடாப்டர் எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதுதான். டூப்ளிகேட் அடாப்டரிலோ, பின் வளைந்தாலோ, ப்ராசஸர் 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழேயே முடங்கி நிற்கலாம். விண்டோஸை அழித்துப் போடும் முன் அந்தப் பின்னைப் பாருங்கள்.

டச்பேடு அழுந்தவில்லை, அடிமூடி உப்பியிருக்கிறது என்றால் பேட்டரி வீங்கிவிட்டது. சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்துங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது. எந்நேரமும் சார்ஜரிலேயே ஓட்டுகிறவர்கள், கம்பெனி கொடுத்த ஆப்பில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தி வைத்தால் இது தள்ளிப்போகும்.

உலோக உடம்பைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? லேப்டாப்பைக் குறை சொல்லும் முன் அதே அடாப்டரை எர்த் சரியாக உள்ள வேறு பிளக்கில் மாட்டிப் பாருங்கள். அங்கே இழுக்கவில்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடச் சொல்லுங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் சாக்கெட்டில் மாட்ட வைக்கும் அடாப்டரை எடுத்து ஓரம் வையுங்கள்.