மட்டக்களப்புப் பறங்கியருக்கு ஒரு அருங்காட்சியகம்: எதிலிருந்து தொடங்குவது?

அருங்காட்சியகம் என்றதும் கட்டடம் தேடி அலையாதீர்கள், அது கடைசி வேலை. போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள், ஆனால் இந்த ஐரோப்பியரின் கலப்பு வழிவந்த பறங்கியர் வீடுகளில் போர்த்துக்கேய வழிப் பேச்சு அதற்குப் பிறகும் நூற்றாண்டுக் கணக்கில் ஓடியது. இன்றைக்கு அதைச் சரளமாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வயசாளிகள். அதனால் முதலில் குரல்களைப் பதிந்து சேர்த்துவையுங்கள்.

பறங்கியர் சங்கத்தில் பேசி, அவர்களையே முன்னுக்கு வைத்துத்தான் இதைத் தொடங்க வேண்டும், வெளியாள் போய்ப் பொருள் கேட்டால் யாரும் அலுமாரியைத் திறக்க மாட்டார்கள். மட்டக்களப்புக் கடலோரத்து டச்பார் பக்கம் ஒரு அன்ரியோடு உட்காரும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், போனை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துணியின் மேல் அவருக்குக் கிட்ட வையுங்கள், முடிந்தால் ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாகப் பதியுங்கள். "உங்கட வரலாற்றைச் சொல்லுங்கோ" என்றால் ஒருவருக்கும் வாய் வராது. பழைய கலியாணப் படம் ஒன்றைக் கையில் கொடுத்து, "அன்ரி, இதில வயலின் பிடிச்சிருக்கிறது ஆர்?" என்று கேட்டுப் பாருங்கள், கஃபிரிஞ்ஞா ஆட்டம், விடிய விடியப் பாட்டு, யார் யாரோடு கோபம் எல்லாம் தானாக வரும். முதலில் அந்தப் போர்த்துக்கேய வழிப் பேச்சிலேயே சொல்லட்டும், பிறகு தமிழில். இதை யார் யார் கேட்கலாம் என்ற சம்மதத்தையும் அதே பதிவில் வாங்கிவிடுங்கள். லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கே ஏற்கெனவே நிறையப் பதிந்திருக்கிறார்கள், அதையும் தேடிக் கேளுங்கள்.

அப்புறம் பொருட்கள். தச்சு, கம்மாலை, தையல் என்று கைத்தொழிலில் பேரெடுத்த சமூகம் என்பதால் பழைய தொழிற்கருவிகள் வரும். மரம் இழைக்கிற ஒரு சீவுளி வருகிறது என்று வையுங்கள், பெருவிரல் பட்டுப் பட்டுப் பிடியில் ஒரு குழி விழுந்திருக்கும். அதைத் தேய்த்து வார்னிஷ் அடித்தால் அந்தத் தச்சனையே அழித்த மாதிரி. தூசியை மென்தூரிகையால் தட்டி, இரும்பில் மட்டும் தையல் மெஷின் எண்ணெயை மெல்லிசாகத் தடவினால் போதும்.

படங்கள்தான் என் பெரிய கவலை. 1978 நவம்பர்ச் சூறாவளி, 2004 டிசம்பர் 26 சுனாமி என்று இரண்டு தடவை கடற்கரை வீடுகளில் அல்பங்கள் போய்விட்டன. மிஞ்சியதை லேமினேட் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து மூலப்படத்தை வீட்டுக்காரரிடமே கொடுத்துவிடலாம். அவுஸ்திரேலியாவுக்குப் போன சொந்தங்களிடமும் பிரதி இருக்கும், கேட்டு எழுதுங்கள். படத்தின் பின்பக்கம் பெயர் எழுதுவதென்றால் பென்சில்தான், போல்பொயின்ட் வேண்டாம்.

ஒரு தடித்த கொப்பி வாங்குங்கள். இலக்கம், பொருள், யார் தந்தது, அன்பளிப்பா இரவலா, கையெழுத்து. இந்தக் கடைசி இரண்டும் இல்லாததால்தான் பிறகு சண்டை வருகிறது. சிகாகோவின் கிரேக்கர் பகுதியில் குடியேறிய கிரேக்கரின் வரலாற்றைச் சொல்லும் தேசிய ஹெலனிக் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கேயும் குடும்பங்கள் கொடுத்த பொருட்களோடு வாய்மொழிக் கதைகளையும் சேர்த்தே வைக்கிறார்கள். நமக்கும் அப்படித்தான்: சீவுளிக்குப் பக்கத்தில் அதைப் பிடித்தவரின் மகள் பேசுகிற குரல் கேட்க வேண்டும்.

இவ்வளவும் சேர்ந்த பிறகு ஒரு அறை போதும். சுவரோடு ஒட்டி எதையும் வைக்காதீர்கள், ஈரம் ஏறும். குரல் பதிவுகளுக்கு மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். மாரி தொடங்குவதற்கு முன் பெட்டிகளை எல்லாம் இடுப்புயரத்துக்கு மேல் ஏற்றி, எதை முதலில் தூக்கி வெளியே கொண்டுபோவது என்று ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.